பள்ளி திறக்கப் போகிறது, பட்டியலைக் கொஞ்சம் கீழே வையுங்கள்

மே மாதம் கடைசி வாரம். பள்ளியிலிருந்து வாட்ஸ்அப்பில் பட்டியல் வந்து விழுகிறது. அன்று மாலையே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுகிறோம். அங்கே நிற்க இடமில்லை. பக்கத்தில் ஒரு அம்மா சக்கரம் வைத்த பையை எடுக்கிறார், நம் கையும் அதற்கே போகிறது. பில் போடும்போது முகம் சுருங்குகிறது. வீடு திரும்பும் வழியில், புதுப் பையைக் கட்டிப்பிடித்தபடி வண்டியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் சொல்கிறோம்: "இவ்வளவு செலவு பண்ணியிருக்கோம், இந்த வருஷமாவது ஒழுங்கா மார்க் வாங்கு."

அந்தப் பையைக் கேட்டது பிள்ளையா, நாமா?

நம்மில் யாரும் கெட்ட எண்ணத்தில் இதைச் செய்வதில்லை. அண்ணன் போட்ட சட்டையைப் போட்டு வளர்ந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். நமக்குக் கிடைக்காதது பிள்ளைக்குக் கிடைக்கட்டும் என்றுதான் வாங்குகிறோம். ஆனால் வாங்கிய பிறகு வருஷம் முழுக்க அதைச் சொல்லிக் காட்டுகிறோம். ஜூலையில் பென்சில் பெட்டி தொலைந்தால் அதன் விலை. காலாண்டில் மதிப்பெண் குறைந்தால் ஃபீஸ், ஷூ, வேன் என்று மொத்தக் கணக்கும் வெளியே வரும். ஏழு வயதுப் பிள்ளை கடனாளி போலத் தலைகுனிந்து நிற்கும். சிக்கனமாக வாங்குவோம் என்று நான் மன்றாடுவது பணத்துக்காக மட்டுமில்லை. நம் கையைக் கடிக்கும் செலவு கடைசியில் பிள்ளையின் தலையில்தான் விடிகிறது.

போன வருஷத்து நோட்டுகளை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். நீதிபோதனை நோட்டில் பத்துப் பதினைந்து பக்கம்தான் எழுதியிருக்கும். பொது அறிவு நோட்டும் அப்படித்தான். மீதியெல்லாம் வெள்ளைத் தாள். எழுதியதைக் கிழித்துவிட்டு, நாலைந்து நோட்டின் வெற்றுத் தாள்களைச் சேர்த்துத் தடித்த ஊசியால் நடுவில் தைத்தால் ஒரு ரஃப் நோட்டு தயார். ஜாமெட்ரி பாக்ஸில் காம்பஸும் டிவைடரும் அப்படியே கிடக்கும், தொலைந்தது ஸ்கேல் மட்டும்தான். அதற்காகப் புதுப் பெட்டியே வாங்குகிறோம்.

கடைக்குக் கிளம்புமுன் பிள்ளையோடு தரையில் உட்கார்ந்து, வீட்டில் இருப்பதை என்றைக்காவது எண்ணிப் பார்த்திருக்கிறோமா?

மிச்சம் பிடிக்கக் கூடாத இடத்தில் மிச்சம் பிடிப்பதும் நாம்தான். அடுத்த வருஷத்துக்கும் ஆகும் என்று பெரிய அளவில் ஷூ வாங்கி, முனையில் பஞ்சு வைத்து அனுப்புகிறோம். பிள்ளை விளையாட்டு நேரத்தில் ஓட முடியாமல் ஓரமாக நிற்கும். சீருடையில் உள்மடிப்பு தாராளமாக விட்டுத் தைக்கச் சொல்லுங்கள், பிள்ளை வளர வளரப் பிரித்து விடலாம். துணி இடம் கொடுக்கும், ஷூ கொடுக்காது. பையிலும் விலையை மட்டும் பார்த்தால் போதாது, எடையையும் பார்க்க வேண்டும். ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் பை புத்தகத்தோடு சேர்த்தே ஒன்றரை கிலோவைத் தாண்டக் கூடாது என்று 2018இல் மத்திய அரசு சொன்னது. பத்தாம் வகுப்புக்கே அப்போது சொன்னது 5 கிலோதான். விலைச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் நாம், அந்த வெறும் பையை ஒரு தடவை தூக்கிப் பார்க்கிறோமா?

"பழைய புத்தகமா? என் பிள்ளை கூசிப்போகும்" என்று சொல்லாத வீடு குறைவு. மேல் வகுப்புக்குப் போன பிள்ளையின் புத்தகம் பக்கத்து வீட்டில் சும்மா கிடக்கும், கேட்க நமக்கு வாய் வராது. முக்கிய வரிகளுக்கு அடிக்கோடிட்ட புத்தகம் கிடைத்தால் பிள்ளைக்கு அது வசதிதான். அந்தக் கூச்சம் பிள்ளைக்கு யாரிடமிருந்து வந்தது?

சென்னைக்காரர்களுக்குப் பாரிமுனையில் பந்தர் தெரு இருக்கிறது. நாலு வீடு சேர்ந்து டஜன் கணக்கில் நோட்டு வாங்கினால் மொத்த விலைக்குக் கிடைக்கும். பாடநூல் கழகத்தின் புத்தகங்களும் என்சிஇஆர்டி புத்தகங்களும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு பாடம் மட்டும் தேவையென்றால் அச்செடுத்துக்கொள்ளலாம். நோட்டு, பென்சில், ரப்பர் இவற்றுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி கிடையாது. பள்ளியில் கட்டாகக் கட்டித் தரும் நோட்டுகளின் விலை அதற்குப் பிறகு குறைந்ததா என்று பழைய பில்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

குறையவில்லை என்றால் கேட்க வேண்டும். இங்கேதான் நாம் எல்லோரும் பின்வாங்குகிறோம். கேட்டால் டீச்சர் பிள்ளையை ஒரு மாதிரி பார்ப்பாரோ என்ற பயம் எனக்கும் உண்டு. புத்தகம், நோட்டு, சீருடை, ஷூ எல்லாவற்றையும் பள்ளியிலோ அது சொல்லும் கடையிலோதான் வாங்க வேண்டுமென்று கட்டாயப்படுத்தக் கூடாது என 2017இல் சிபிஎஸ்இ தன் பள்ளிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. மற்றப் பாடத்திட்டப் பள்ளியிலும் நாம் கேட்கலாம். நோட்டை வெளியே வாங்கலாமா? போன வருஷப் பையே போதுமா? தினமும் எல்லா நோட்டும் வர வேண்டுமா? ஒருவர் கேட்டால் அவர் பிள்ளை பெயர் நினைவில் நிற்கும். பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். பெற்றோர் கூட்டம் வருமுன் உங்கள் பிள்ளையின் வகுப்பில் இரண்டு பேரிடம் பேசிவையுங்கள். நானும் பேசுகிறேன்.