முழங்காலில் விளையும் ஸ்படிகம்

எழுபதைக் கடந்த ஒருவர், வேறொரு வியாதிக்காக ஆஸ்பத்திரியில் படுத்து, சஸ்திர சிகிச்சையும் நல்லபடியாக முடிந்து, வீடு திரும்பும் தறுவாயில் முழங்கால் திடீரென வீங்கிச் சிவந்து நோவெடுத்தால், சுற்றியிருப்பவர்கள் அதை வாயு என்பார்கள். வைத்தியர்களிலும் சிலர், இரத்தத்தில் யூரிக் அமிலம் சற்று மிகுந்திருப்பதைக் கண்ட மாத்திரத்திலேயே கவுட் என்று தீர்ப்பெழுதிவிடுவார்கள். இந்த அவசரம் எனக்குச் சம்மதமில்லை. யூரிக் அமிலம் மிகுந்தும் ஆயுள் முழுதும் மூட்டு நோவே அறியாதவர் பலர். கடுமையான கவுட் வேதனையின் நடுவிலேயே அந்த அளவு சாதாரணமாக இருப்பதும் உண்டு. வழக்கைத் தீர்க்கும் சாட்சி, வீங்கிய மூட்டினுள் தேங்கிய நீரிலேயே இருக்கிறது.

1961-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்பியா நகரில் டேனியல் மக்கார்ட்டியும் ஜோசப் ஹாலண்டரும், கனிமங்களை ஆராய்வோர் கையாளும் துருவ ஒளி மைக்ராஸ்கோப்பின் கீழ் மூட்டு நீரை வைத்துப் பார்த்து, கவுட் நோயாளிகளிடம் ஊசி வடிவான யூரேட் (யூரிக் அமில உப்பு) ஸ்படிகங்கள் பிரகாசிப்பதைக் காட்டினார்கள். அடுத்த ஆண்டே, கவுட்டைப் போலத் தோன்றிய வேறு சிலரின் நீரில் மங்கலாய் ஒளிர்ந்த சாய்சதுர ஸ்படிகம் கால்சியம் பைரோபாஸ்பேட் என்று மக்கார்ட்டியும் சகாக்களும் நிரூபித்து, அவ்வியாதியைப் பொய்க் கவுட் என அழைத்தார்கள். (யூரேட் ஸ்படிகமே நோவுக்குக் காரணம் என்பதை நிலைநாட்ட, மக்கார்ட்டியும் சகா ஃபேர்ஸும் அதைத் தங்கள் முழங்கால்களிலேயே ஊசியால் செலுத்திக்கொண்டு துடித்தார்கள், இன்றைய ஆராய்ச்சி நெறிக்குழு எதுவும் அதற்கு இசைந்திராது.) ஏறத்தாழ அதே காலத்தில் செக்கோஸ்லோவாகியாவில் ஸித்னான், சித்தாய் ஆகியோர், குருத்தெலும்பில் சுண்ணம் படிவது சில குடும்பங்களில் பரம்பரையாக வருவதைக் கண்டெழுதினார்கள்.

கால்சியம் என்ற பெயர் காதில் விழுந்ததும் பாலையும் மோரையும் நிறுத்திவிடும் பேதைமை படித்தவர் வீடுகளிலும் இருக்கிறது. குருத்தெலும்பின் செல்கள் வெளிவிடும் பொருள்களிலிருந்து பைரோபாஸ்பேட் மிகுதியாக உண்டாகி, அங்குள்ள கால்சியத்தோடு சேர்ந்து உறைவதே இந்நோயின் மூலம். பெரும்பாலோருக்கு இரத்தக் கால்சியம் சரியாகவே இருக்கும். பாராதைராய்டு சுரப்பியின் மிகை இயக்கம், உடலில் இரும்பு அளவுக்கு மீறிச் சேர்தல், மெக்னீசியக் குறைவு ஆகியவையும் சிலரிடம் இந்நோய்க்குக் காரணமாகும். அறுபது வயதுக்கு முன்பே இந்நோய் கண்டால் இவற்றைத் தேடாமல் விடுவது பெரும் அலட்சியம்.

எக்ஸ்ரேயில் குருத்தெலும்பினூடே வெண்கோடு தெரிவது உதவிதான். ஆனால் முதியோர் பலருக்கு அக்கோடு எவ்வித உபாதையுமின்றியே இருப்பதால், அதை மாத்திரம் நம்பவும் இயலாது.

யூரேட்டைக் கரைக்க வழியுண்டு. இந்தப் பைரோபாஸ்பேட்டைக் கரைக்கும் மருந்தோ இன்றுவரை இல்லை. நீரை வடித்தெடுத்து மூட்டினுள் ஸ்டீராய்டு செலுத்துவதும், சிறுநீரகத்தின் நிலையறிந்து சிறிய அளவில் கால்ச்சிசின் கொடுப்பதும் வேதனையைத் தணிக்கும். ஆனால் ஸ்படிகம் கண்ணில் பட்டுவிட்டது என்பதற்காகக் கிருமித் தொற்று இல்லை என்று எண்ணலாகாது; இரண்டும் ஒரே மூட்டில் சேர்ந்திருப்பதுண்டு. ஆதலால் வடித்த நீரில் ஒரு பகுதியைக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பிய பிறகே, ஸ்டீராய்டு ஊசியைக் கையிலெடுப்பதா என்று வைத்தியர் யோசிக்க வேண்டும்.