உண்மை நகல்

சென்ற மாதம் ஆம்ப்ளிஃபயர் வாங்கக் கள்ளக்குறிச்சியில் ஒரு கடைக்குப் போனேன். மகன் பாரீஸிலிருந்து கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள் வீட்டில் சும்மா கிடக்கின்றன. கடைப் பையன் என் நரைத்த தலையைப் பார்த்தான். "ஐயா, உங்க வயசுக்குத் துல்லியமெல்லாம் எதுக்கு? நல்லா பேஸ் தூக்குற செட்டா எடுத்துக்குங்க" என்றான். பேசாமல் திரும்பிவிட்டேன். பதிலை இங்கே எழுதுகிறேன்.

வயதானால் காது மங்கும், மறுக்கவில்லை. அதற்காகக் கண் மங்கியவனுக்கு மை கலைந்த பேப்பரையா கொடுப்பார்கள்? மிச்சமிருக்கும் காதுக்குத்தான் சுத்தமான ஒலி வேண்டும்.

நான் அரசாங்க எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். "உண்மை நகல்" என்று முத்திரை குத்துமுன் மூலத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும். அதற்கும் முன்பே, புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தபோது, 'டிக்தே' என்னும் சொல்வதெழுதுதலில் இதைக் கற்றேன். வாத்தியார் சொல்லாத ஒரு எழுத்தை அழகுக்காகச் சேர்த்தாலும் மதிப்பெண் போய்விடும். ஆம்ப்ளிஃபயரின் வேலையும் நகல் எழுத்தரின் வேலைதான். வருவதைப் பெரிதாக்கித் தரலாம். சொந்தச் சரக்கைச் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் மிருதங்கத்தின் தொப்பி தவிலாகிவிடும்.

பேஸ் பிடிக்கும் என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. அதற்குத்தான் திருகு இருக்கிறது, வேண்டும்போது திருப்பிக்கொள்ளுங்கள். குறிப்பைத் தனித் தாளில் எழுதலாம், மூலத்தில் கிறுக்கக் கூடாது.

அடுத்தது வாட் கணக்கு. அட்டைப்பெட்டியில் 'பி.எம்.பி.ஓ. 2000 வாட்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. செட்டின் பின்பக்கச் சீட்டில் மின்செலவு 40 வாட் என்றிருந்தது. வரவு 40, செலவு 2000! இப்படி ஒரு கணக்கைத் தணிக்கைக்கு அனுப்பியிருந்தால் என் ஓய்வூதியமே நின்றிருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ். வாட். அதுவும் எத்தனை ஓமுக்கு என்று கேளுங்கள்.

என் பெட்டிகள் முரட்டுப் பெட்டிகள். 4 ஓம், 1 வாட் கொடுத்தால் 1 மீட்டரில் 84 டெசிபல்தான் தரும். 8 ஓம் பெட்டியைவிட 4 ஓம் பெட்டி அதே வோல்டேஜில் இரு மடங்கு கரண்ட் இழுக்கும். மெல்லிய ஆலாபனைக்கு 1 வாட் போதும். தனி ஆவர்த்தனத்தில் ஓர் அடி 20 டெசிபல் உயர்ந்தால் அந்தக் கணத்துக்கு 100 வாட் வேண்டும். ஆம்ப்ளிஃபயரால் கொடுக்க முடியாவிட்டால் அலையின் தலை வெட்டுப்பட்டுக் கரகரக்கும். ஆகவே 8 ஓமில் 100 வாட் என்றால், 4 ஓமில் ஏறக்குறைய 200 தருகிறதா என்று கேட்க வேண்டும். "4 ஓம் மாட்டாதீங்க" என்று சொல்லும் செட்டு எனக்கு ஆகாது.

இரண்டு செட்டுகளை ஒப்பிடும்போது இன்னொரு மோசடி நடக்கும். விற்க நினைக்கும் செட்டைக் கொஞ்சம் உரக்க வைப்பார்கள். உரக்கப் பாடுவது நன்றாகப் பாடுவதுபோலத் தோன்றும். ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டர் வைத்து, ஒரே டோனுக்கு இரண்டிலும் ஒரே வோல்டேஜ் வரும்படி சமன் செய்யச் சொல்லுங்கள். பிறகு, எது ஓடுகிறது என்று தெரியாமல் கேளுங்கள்.

முன்பு கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு முகாம் போனால் ராத்திரியில் எதிர்ச் சரிவிலிருந்து யாரோ மாட்டை அதட்டுவது கேட்கும். ஆள் தெரியாது, ஆனால் குரலை வைத்து வயதைச் சொல்லிவிடலாம். நடுவில் எதுவும் குறுக்கே நிற்கவில்லை. நான் கேட்கும் துல்லியம் அவ்வளவுதான்.

வரும் வாரம் அதே கடைக்குப் போகிறேன். கையில் மல்டிமீட்டர் இருக்கும். 1962-இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரத்தோடு எஸ். ஜானகி பாடிய பாட்டும் இருக்கும். குழல் வேறு, குரல் வேறு என்று எந்த செட்டு பிரித்துக் காட்டுகிறதோ அதை எடுப்பேன். பையனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வேன். அவன் காது இளம் காது, அவனும் கேட்கட்டும்.