தொடைக்குள் ராடு, வீட்டில் உலை

ஷிப்ட் மாறும் நேரத்தில் ராணிப்பேட்டை முதல் ஆம்பூர் வரை சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஷூ கம்பெனி வேன்களும் பைக்குகளும் லாரிகளுக்கு நடுவே ஓடுகின்றன. இந்தச் சாலையில் தொடை எலும்பு முறிவது புதிதல்ல. முறிந்தபின் நடப்பதுதான் எண்பது ஆண்டுகளில் அடியோடு மாறிவிட்டது.

அந்தக் காலத்தில் முழங்காலுக்குக் கீழே எலும்பில் கம்பியைக் குத்தி, கயிறு கட்டி, கப்பி வழியே எடையைத் தொங்கவிடுவார்கள். கட்டிலின் கால்மாட்டைச் செங்கல் வைத்து உயர்த்துவார்கள். இரண்டு மூன்று மாதம் மல்லாந்தே கிடக்க வேண்டும். முதுகில் புண் வரும், முழங்கால் மடங்காமல் இறுகும், கால் குட்டையாகும். இதற்குப் பயந்தே புத்தூர் கட்டுக்கு ஓடியவர்கள் வட ஆர்க்காட்டில் ஏராளம். ஆனால் எலும்பைத் தொடைத் தசை இழுக்கிற வலுவுக்கு எந்த வெளிக்கட்டும் ஈடுகொடுக்காது.

ஜெர்மனியின் கீல் நகரில் 1939-இல் கெர்ஹார்ட் குன்ச்சர் மஜ்ஜைக் குழிக்குள்ளேயே எஃகுக் கம்பியைச் செலுத்தினார். இரண்டாம் உலகப் போரில் சிறைப்பட்டு ஜெர்மனியில் சிகிச்சை பெற்ற நேச நாட்டு வீரர்கள் ஊர் திரும்பிய பிறகே, எக்ஸ்ரேயில் அதைப் பார்த்து அந்த நாட்டு மருத்துவர்கள் அசந்துபோனார்கள். எலும்பு நொறுங்கியிருந்தால் அந்தக் கம்பி போதவில்லை, கால் திரும்பிக்கொண்டது. மேலும் கீழும் ஸ்க்ரூ போட்டுப் பூட்டும் கம்பி 1970-களில் வந்து அந்தக் குறையைத் தீர்த்தது. இன்று இடுப்பருகே சிறு கீறல் போதும். சி-ஆர்ம் எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடியே ராடை இறக்கிவிடுகிறார்கள். பலர் ஓரிரு நாளில் வாக்கர் பிடித்து நிற்கிறார்கள்.

விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கும் தமிழக அரசுத் திட்டம் 2021-இல் வந்தது. மறு ஆண்டு ராணிப்பேட்டையில், நெடுஞ்சாலையை ஒட்டியே வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் புதிய வளாகம் திறந்தது. இரண்டும் உயிர் காப்பவை.

ஆனாலும் எலும்பு சேரச் சில மாதம் ஆகும். அதுவரை சோற்றுக்கு வழி? இஎஸ்ஐ காப்பீடு உள்ள தொழிலாளி வேலைக்குப் போகும் வழியில் அடிபட்டாலும், 2010 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அது பணிக்காயமாகலாம். கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். ஆம்பூர்ப் பக்கம் வீட்டிலேயே உட்கார்ந்து ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைக்கும் பெண்களுக்கு அதுவும் இல்லை. ஜோடிக் கணக்கில் கூலி. தைக்காத நாளில் காசில்லை. ராடு வைத்த காலை மடக்கித் தரையில் சம்மணமிட்டுத் தைக்கப் பல வாரம் முடியாது.

அவர்கள் தைத்த ஷூவை ஏற்றுமதி செய்யும் கம்பெனிகளும் தொழிலாளர் துறையும் அந்தப் பெண்களின் பெயரை இஎஸ்ஐ பதிவேட்டில் ஏற்ற வேண்டும்.