பொம்மைக்குத் தலை மாற்றலாம். திருட்டுத் தலை வேண்டாம்



நம் சொந்தக்காரப் பிள்ளை ஒருவர் தலையில்லாத பொம்மை உடல் ஒன்றையும், தனியாக ஒரு தலையையும் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டிருந்தார். "முப்பத்தைந்து வயதில் பொம்மை விளையாட்டா?" என்று ஆளாளுக்குக் கேலி. அங்கே எழுதினால் நீண்டுவிடும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

என் கருத்து இரண்டே வரிதான். பொம்மைக்குத் தலை மாற்றுவது நல்ல கைவேலை, அதைக் கேலி செய்யாதீர்கள். ஆனால் செய்கிறவர்கள் திருட்டுத் தலையை வாங்கி மாட்டாதீர்கள்.

விஷயம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை. 1964இல் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ கம்பெனி, ஜி.ஐ. ஜோ என்ற சிப்பாய் பொம்மையை 12 அங்குல உயரத்தில் கொண்டுவந்தது. 'டால்' என்று சொன்னால் பையன்கள் தொடமாட்டார்கள் என்று 'ஆக்‌ஷன் ஃபிகர்' எனப் பெயர் வைத்தார்கள். இன்று ஹாங்காங்கின் ஹாட் டாய்ஸ் போன்ற கம்பெனிகள் ஏறக்குறைய அதே உயரத்தில் சினிமாப் பாத்திரங்களைச் செய்கின்றன. அவை பெரியவர்கள் அலமாரியில் சேர்த்து வைப்பதற்கானவை. உடலும் தலையும் தனித்தனியாகவும் விற்பனைக்கு வரும். தனக்குப் பிடித்த பாத்திரம் கடையில் இல்லை, அல்லது கம்பெனி செய்த முகம் ஒத்துப்போகவில்லை என்றால், வேறொரு சிற்பி செய்த தலையை வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள்.

"மாட்டுவது என்ன பெரிய வித்தை?" என்பீர்கள். ஒரு கணக்கு போடுவோம்.

இந்தப் பொம்மைகளின் அளவு 1:6. 180 செ.மீ. உயரமுள்ள மனிதர் 30 செ.மீ. ஆகிறார். 23 செ.மீ. தலை 3.8 செ.மீ. ஆகிறது. மாட்டிய தலை 3 மி.மீ. தூக்கி நின்றால், நிஜ மனிதருக்குக் கழுத்து 18 மி.மீ. நீண்டதற்குச் சமம். 6 அங்குலப் பொம்மையில் அளவு 1:12. அங்கே அதே 3 மி.மீ. பிழை 36 மி.மீ. ஆகிவிடும். சட்டைத் தையலில் உள்ள குறையைக்கூடக் கண் விட்டுவிடும், கழுத்தில் உள்ள குறையை விடாது. "விகிதம் எல்லாம் வாழ்க்கையில் எதற்கு சார்?" என்று ஏழாம் வகுப்பில் கேட்டவர்கள் கவனிக்கவும்.

அடுத்தது கழுத்து. சில தலைகள் கழுத்தோடு வரும். சில உடல்களிலேயே கழுத்து இருக்கும். இரண்டிலும் இருந்தால் ஒட்டகச்சிவிங்கி, இரண்டிலும் இல்லையென்றால் தலை தோளுக்குள் புதைந்துவிடும். வாங்கும் முன்பே இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பெரும்பாலான உடல்களில் கழுத்து முளையின் நுனியில் ஒரு உருண்டை இருக்கும். தலையின் அடியில் அதற்கான குழி. சேரவில்லை என்றால் பலத்தைக் காட்டக்கூடாது. மெத்தென்ற பிவிசி தலையை ஹேர் டிரையரில் கொஞ்சம் சூடு காட்டினால் நெகிழ்ந்து கொடுக்கும். ரெசின் தலை நெகிழாது, விரிசல் விட்டுவிடும். அதன் குழியைத்தான் சிறிது சிறிதாகச் சுரண்டிப் பெரிதாக்க வேண்டும். ரெசின் தூள் நுரையீரலுக்கு ஆகாது. முகக்கவசம் போட்டு, ஈரப்படுத்தித் தேய்க்க வேண்டும். குழி பெரிதாக இருந்தால் பிளம்பர்கள் சுற்றும் டெஃப்ளான் டேப் போதும். அதுவும் போதாவிட்டால் உருண்டையில் வாசலின் தடவி, குழிக்குள் எம்-சீல் வைத்து அழுத்தி, முழுக்க இறுகுவதற்கு முன் ஆட்டிக் கழற்றினால் அளவெடுத்தது போல் குழி கிடைக்கும். பசை போட்டு ஒட்டினால் வேலை ஐந்து நிமிடத்தில் முடியும். ஆனால் தலை திரும்பாது. பிறகு அது சிலைதான்.

கடைசியாக, முகத்தின் நிறமும் கையின் நிறமும் ஒன்றாக வரும்வரை வண்ணத்தை மெல்லிய பூச்சுகளாகக் கொடுக்க வேண்டும். இவ்வளவு பொறுமையோடு உட்காரும் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்க என்ன இருக்கிறது?

இனி என் வருத்தத்துக்கு வருகிறேன். 'ரீகாஸ்ட்' என்று ஒன்று உண்டு. ஒரு சிற்பி நாள்கணக்கில் உட்கார்ந்து செய்த தலையை இன்னொருவர் வாங்கி, அதன்மேல் சிலிக்கான் ஊற்றி அச்செடுத்து, ரெசினில் வார்த்து, குறைந்த விலைக்கு விற்கிறார். செய்த சிற்பிக்கு ஒரு பைசா போகாது. பெரும்பாலும் நகல் மூலத்தைவிடச் சற்றுச் சுருங்கி, தோலின் நுணுக்கங்கள் மழுங்கி வரும். விலை குறைவு என்று பலர் தெரிந்தே வாங்குகிறார்கள்.

இது புதிய வியாதி அல்ல. மனித உருவத்துக்கு யாரும் தனியுரிமை கோர முடியாது என்பதால், ஜி.ஐ. ஜோவின் கன்னத்தில் ஒரு தழும்பை வைத்து அதையே கம்பெனி அடையாளமாக்கினார்கள். அந்தப் பொம்மையின் வலது கட்டைவிரலில் நகம் தவறுதலாக உட்பக்கம் அமைந்திருந்தது. அதே தவறு இன்னொருவர் பொம்மையிலும் இருந்தால் அது நகல் என்று தெரிந்துவிடும். பார்த்து எழுதுகிறவன் தாளில் பக்கத்துப் பையனின் பிழையும் சேர்ந்தே வரும் என்று ஆசிரியர்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை.

"அசல் இப்போது கிடைப்பதில்லை சார்" என்பார்கள். கிடைக்கவில்லை என்றால் காத்திருங்கள், அல்லது ஏற்கெனவே வைத்திருப்பவரிடம் வாங்குங்கள். "விலை கட்டுப்படியாகவில்லை" என்பது நியாயமான கஷ்டம்தான். ஆனால் இது அரிசி பருப்பு இல்லையே. ஆசைக்கு வாங்குவதில் அடுத்தவர் கூலியைக் குறைக்க நமக்கு உரிமை கிடையாது. "அந்தச் சிற்பியே நடிகரின் முகத்தை அனுமதி இல்லாமல்தானே செய்தார்?" என்பதுதான் கனமான கேள்வி. உண்மை; பல தலைகளின் கதை அதுதான், அதை நான் நியாயப்படுத்தமாட்டேன். ஆனால் ஒருவர் அனுமதி கேட்கவில்லை என்பதால், அவருடைய உழைப்பு எல்லோருக்கும் பொதுச்சொத்து ஆகிவிடாது.

இந்தச் சிக்கல் எதுவும் இல்லாத வழியும் இருக்கிறது. 2022இல் ஹாஸ்ப்ரோவே வாடிக்கையாளரின் முகத்தை செல்போனில் ஸ்கேன் செய்து, முப்பரிமாணத்தில் அச்சிட்டு 6 அங்குலப் பொம்மையில் வைத்துத் தந்தது. களிமண் கையில் இருந்தால் கம்பெனியும் தேவையில்லை. உங்கள் தாத்தாவின் முகத்தை 3.8 செ.மீ. உயரத்தில் ஒருமுறை பிடித்துப் பாருங்கள். முதல் நான்கு சரியாக வராது, பரவாயில்லை. மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டரில் எவ்வளவு வேலை இருக்கிறது என்று விரலுக்குப் புரிந்துவிட்டால், பிறகு ரீகாஸ்ட் வாங்க மனம் வராது.

உறவுகளே, பிள்ளைகள் படம் போட்டால் கேலிக்குப் பதில் "கழுத்தை எப்படிச் சேர்த்தாய் தம்பி?" என்று கேளுங்கள். பிள்ளைகளே, உடல் எந்தக் கம்பெனி, துணி எந்தக் கம்பெனி என்றெல்லாம் எழுதுகிறீர்கள். அதோடு தலையைச் செய்தவர் பெயரையும் ஒரு வரி எழுதுங்கள். எழுத முடியாத தலை என்றால், அதை வாங்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு சார்