எழுந்து நிற்கும் உரிமை

சென்ற மாதம் எங்கள் அலுவலகத்தில் உடல்நல வாரம் கொண்டாடினார்கள். முதல் நாள் சொற்பொழிவு. பேச வந்த இளைஞர் திருமூலரில் தொடங்கினார். இத்தகைய கூட்டங்களில் திருமூலர் தப்பிக்க வழியில்லை. பிறகு எங்கள் தொந்திகளைச் சுட்டிக்காட்டி, சோம்பலே நோய்களுக்கெல்லாம் தாய் என்றார். ஆளுக்கொரு காலடி எண்ணும் கைப்பட்டை வழங்கப்பட்டது. நாளொன்றுக்கு 10,000 அடி நடப்போருக்குப் பரிசு உண்டு. கூட்டம் மாலை ஆறரைக்கு முடிந்தது. அதில் செலவான ஒன்றரை மணி நேர வேலையை முடித்துவிட்டே வீடு திரும்புமாறு ஏழு மணிக்கு மின்னஞ்சல் வந்தது.

இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கணக்குப் பிரிவில் நாற்காலியில் அமர்ந்து பிழைப்பவன் நான். இடுப்பில் வட்டு பிதுங்கியிருக்கிறது. சர்க்கரை எல்லைக்கோட்டைத் தாண்டி மூன்றாண்டுகளாகின்றன. ஆகவே உடற்பயிற்சி வீண் என்று வாதிட நான் வரவில்லை. வேலை செய்யும் இடம் விளைவிக்கும் கேட்டை, வேலை செய்பவனின் ஒழுக்கக் குறைபாடாகத் திரித்துக் காட்டுகிறார்களே, அந்தத் தந்திரத்தின் மீதுதான் என் வழக்கு.

இந்த நோய்க்கு மூலம் சோம்பல் என்று மருத்துவ வரலாறு சொல்லவில்லை. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி தொழிலாளர் நோய்களைப் பற்றி எழுதிய நூல் 1700இல் வெளிவந்து, 1713இல் விரிவுபடுத்தப்பட்டது. எழுத்தர்களின் பிணிகளுக்கு அவர் கூறிய காரணங்கள் மூன்று: ஓயாமல் உட்கார்ந்திருத்தல், கையின் இடைவிடாத ஒரே அசைவு, பிழை நேர்ந்துவிடுமோ என்னும் மன அழுத்தம். மூன்றும் தொழிலின் இயல்புகள். இறகுப் பேனா போய் விசைப்பலகை வந்ததைத் தவிர அப்பட்டியலில் திருத்த ஏதுமில்லை.

1953இல் லண்டனில் ஜெர்ரி மாரிஸ் செய்த ஆய்வு இன்னும் தெளிவானது. அந்நகரின் மாடிப் பேருந்துகளில் ஓட்டுநர் நாள் முழுதும் உட்கார்ந்திருப்பார். நடத்துநர் பயணச்சீட்டுக் கொடுத்தபடி மாடிக்கும் கீழுக்குமாகப் படியேறி இறங்குவார். ஒரே நிறுவனம், ஒரே பேருந்து. ஆயினும் மாரடைப்பு ஓட்டுநர்களுக்கே அதிகம் வந்தது. ஓட்டுநர்கள் வேலையில் சேரும்போதே பருமனாக இருந்திருப்பார்களோ என்று மாரிஸே ஐயுற்று, 1956இல் இரு சாராரின் சீருடை அளவுகளையும் ஒப்பிட்டு எழுதினார். அந்த அறிவு நேர்மை நம் உடல்நலப் பேச்சாளர்களுக்கும் வாய்த்தால் நல்லது. எனினும் நடந்து கடிதம் கொடுத்த தபால்காரர்களையும் மேசையில் அமர்ந்த அஞ்சலக எழுத்தர்களையும் ஒப்பிட்டபோது அதே போக்குத்தான் தென்பட்டது. நடத்துநரை எந்தச் சொற்பொழிவும் படியேற்றவில்லை. அவருடைய வேலையே அவரை ஏற்றி இறக்கிற்று.

இனி, அந்தப் பத்தாயிரம். அது மருத்துவ ஆய்வில் பிறந்த எண்ணன்று. 1965இல் ஜப்பானிய நிறுவனமொன்று விற்ற நடைக்கருவிக்குப் 'பத்தாயிரம் அடி அளவி' என்று பெயர் சூட்டினார்கள். விற்பனைப் பெயர் வேதவாக்காயிற்று. ஆராய்ந்து சொன்ன கணக்கு வேண்டுமெனில் 2016இல் லான்செட் இதழில் வந்ததைக் காணலாம். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளைத் தொகுத்த அவ்வாய்வின்படி, நாளுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருப்பதோடு சேர்ந்து வரும் மிகையான மரண அபாயம் நீங்க, நாள்தோறும் 60 முதல் 75 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பு வேண்டும்.

நல்லது, அந்த ஒரு மணி நேரம் எங்கே இருக்கிறது? அலுவலகத்தில் பத்து மணி நேரம். புறநகரிலிருந்து போய்வர மூன்று. தூக்கம் ஏழு. எஞ்சும் நான்கில் குளியல், உணவு, பிள்ளைகளின் படிப்பு, முதிய பெற்றோரின் மருந்து எல்லாம் அடங்க வேண்டும். பெண்ணாயிருந்தால் அந்த நான்கையும் அடுக்களை விழுங்கிவிடும். மனமிருந்தால் மார்க்கமுண்டு என்பார்கள். மார்க்கம் இருக்கிறது, அதில் நடக்கத்தான் பொழுதில்லை.

பொழுதைக் கேட்டுப் போராடிய ஊர் இது. 1923 மே முதல் நாள் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். எட்டு மணி நேர வேலை என்ற கோரிக்கையின் வழி வந்த நாள் அது. இன்று அதே கடற்கரையில் விடியற்காலையில் மூச்சிரைக்க நடக்கிறோம், பத்து மணி நேர நாற்காலிக்கு உடலைத் தகுதிப்படுத்திக்கொள்ள. 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் நாளுக்கு 8, வாரத்துக்கு 48 மணி நேரம் என வரையறுத்தது. மேலாண்மைப் பொறுப்பில் இருப்போருக்கு அதில் விலக்கு உண்டு. அதனால்தானோ என்னவோ, எங்கள் தளத்தில் மேலாளர் என்ற பட்டம் இல்லாதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

வாரத்துக்கு 55 மணி நேரத்துக்கு மேல் உழைப்போருக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்போரைவிடப் பக்கவாத அபாயம் 35 விழுக்காடு கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் மதிப்பிட்டன. இரண்டே ஆண்டுகளில், 2023இல், இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி நாட்டின் இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டுமென்றார். ஒருபுறம் எழுபது மணி நேரம், மறுபுறம் கைப்பட்டை. இரண்டையும் ஒரே கையால் வழங்க முடிகிறதே, அந்தக் கையைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

உட்காருவது பாவம், நிற்பது புண்ணியம் என்று நான் சொல்வதாகக் கொள்ள வேண்டாம். துணிக்கடைகளில் நாளெல்லாம் நின்று கால் நரம்பு புடைத்த பெண்களுக்காக, 2021இல் தமிழகம் சட்டத்தைத் திருத்தி இருக்கை வழங்கச் செய்தது. வசந்தபாலனின் 'அங்காடித் தெரு'வைப் பார்த்தவர்களுக்கு அந்த இருக்கையின் அருமை தெரியும். எங்கள் அலுவலகத்தில் மூன்று மாடி ஏறி இறங்கித் தேநீர் கொண்டுவரும் அம்மாள் எங்கள் எல்லோரையும்விட அதிகம் நடப்பவர். ஒப்பந்தத் தொழிலாளி என்பதால் அவருக்குக் கைப்பட்டை தரவில்லை. முழங்கால் தேய்ந்து படியில் பக்கவாட்டாக இறங்குகிறார். கடைப்பெண்ணுக்கு அமர அனுமதியில்லை, எழுத்தனுக்கு எழ அனுமதியில்லை, அந்த அம்மாளுக்கு ஓய அனுமதியில்லை. கேடு நாற்காலியில் இல்லை. தன் உடல் கேட்கும்போது எழவும் அமரவும் இயலாத நிலைமையில் இருக்கிறது.

இதை எழுதும் தகுதி எனக்கு உண்டா என்பதையும் சொல்லிவிட வேண்டும். சென்ற ஆண்டு இரண்டு மணி நேரமாக நீண்ட ஒரு கூட்டத்தில், என் பிரிவுப் பெண் ஒருவர் எழுந்து சுவரோரம் சாய்ந்து நின்றார். "என்னம்மா, கிளம்பியாச்சா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் உட்கார்ந்துவிட்டார். மூன்று வாரத்தில் முதுகுவலிக்காக மருத்துவ விடுப்பு எடுத்தார். அவர் பகலில் தண்ணீர் குடிப்பதில்லை என்பதைப் பிறகுதான் அறிந்தேன். கழிப்பறைக்கு எழுந்தால் கணினி அந்த நிமிடங்களைச் செயலற்ற நேரமென்று குறித்துக்கொள்ளும். அந்தப் பட்டியல் வாரந்தோறும் என் மேசைக்குத்தான் வந்தது. ஒப்பமிட்டு மேலே அனுப்பியவன் நான்.

அரை மணிக்கொரு முறை எழுங்கள், மின்தூக்கியை விட்டுப் படியில் ஏறுங்கள், பக்கத்து அறைக்குத் தொலைபேசாமல் நடந்து செல்லுங்கள் என்கிறார்கள். எல்லாம் சரியான யோசனைகளே, நானும் செய்கிறேன். ஆனால் எழுந்தவனை யாரும் முறைக்காத இடத்தில்தான் அவை மருந்தாகும். ஆகவே நிறுவனங்களிடம் கேட்க வேண்டியவை வேறு: எட்டு மணி நேரத்தில் முடியும் வேலை, எண்ணப்படாத இடைவேளை, நின்றபடி பேசினால் குற்றமாகாத கூட்டம். இவற்றைத் தந்துவிட்டு என் தொந்தியைப் பற்றிப் பேசட்டும், தலைகுனிந்து கேட்டுக்கொள்கிறேன்.

நண்பர்களே, உடலைப் பற்றிப் பேசுவது லௌகீகம் என்று ஒதுக்கும் வழக்கம் நம் இலக்கியக் கூட்டங்களிலும் உண்டு. அலுவலக நாற்காலியிலிருந்து எழுந்து வாசிப்பு நாற்காலிக்கு மாறுகிறவர்கள்தாம் நாமும். அந்த அலட்சியம் எவருக்கு வசதியாக இருக்கிறதென்று யோசித்துப் பாருங்கள்.

செயலற்ற நேரப் பட்டியலில் ஒப்பமிடுவதை மூன்று வாரங்களாக நிறுத்தியிருக்கிறேன். விளக்கம் கேட்டு நேற்று கடிதம் வந்தது. மேலே எழுதியவற்றின் சுருக்கமே என் பதிலாக இருக்கும்.