வந்தவர் யார்?

"ராஜபாளையத்திலிருந்து வந்த ஆசிரியரின் மகன் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறான்."

இந்த வாக்கியத்தில் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் குழப்பம் உண்டு. ராஜபாளையத்திலிருந்து வந்தவர் யார்? ஆசிரியரா, மகனா?

எழுதியவருக்குத் தெரியும். படிப்பவருக்குத் தெரியாது!

இரண்டு ஊருக்கும் நடுவே சுமார் 12 கிலோமீட்டர்தான். அதற்குள் வாசகர் வழி தவறிவிடுகிறார்.

இதே வாக்கியத்தை ஆங்கிலத்தில் எழுதச் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர், "எழுவாய் எது? பயனிலை எது? வந்தது யார்?" என்று கேட்பார். மாணவன் விழிப்பான். தமிழில் மறைந்திருந்த குழப்பம் அப்போதுதான் வெளிப்படும்.

தமிழில் வினை பெரும்பாலும் கடைசியில் வரும். ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்து வரும். ஆகவே, ஆங்கில இலக்கணம் கற்பிப்பவர், "யார்? என்ன செய்தார்?" என்று ஒவ்வொரு வரியிலும் பார்த்தாக வேண்டும். அந்தப் பழக்கம் வந்துவிட்டால், அவருடைய தமிழும் தெளியும்.

இரண்டு மொழிகளையும் கற்பித்து, தமிழ் உரைநடையையும் வளர்த்தவர் ஒருவர் உண்டு. அவர்தான் ஆறுமுக நாவலர். 1822-ல் யாழ்ப்பாணத்து நல்லூரில் பிறந்தார். பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியரானார். கீழ் வகுப்புகளுக்கு ஆங்கிலமும், மேல் வகுப்புகளுக்குத் தமிழும் கற்பித்தார். 1848-ல் வண்ணார்பண்ணையில் சொந்தப் பள்ளி தொடங்கினார். சிறுவர்களுக்குப் 'பாலபாடம்' எழுதினார். ஆங்கிலத்தில் வழங்கிய நிறுத்தக் குறிகளைத் தமிழ் உரைநடையிலும் கையாண்டார்.

தெளிவு, புலவர்களுக்கு மட்டும் வேண்டியதா? இல்லை. பட்டா மாற்றக் கோரும் மனுவில், "இறந்துபோன என் தந்தையின் அண்ணன் பெயரில் உள்ள நிலம்" என்று ஒருவர் எழுதுகிறார். இறந்தது தந்தையா, அண்ணனா? அதிகாரி கேட்பார். மனு திரும்பி வரும். அலைச்சல் மிஞ்சும்.

"நிலம் என் பெரியப்பா பெயரில் உள்ளது. அவர் இறந்துவிட்டார்." இப்படி இரண்டு வாக்கியமாக எழுதினால் போதும். சந்தேகத்துக்கு இடமே இல்லை!

வீட்டில் ஆங்கிலம் படிக்கும் மூத்த பிள்ளை இருந்தால், தம்பி தங்கைக்குச் சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்கள். கற்பிப்பவனே நன்றாகக் கற்பான். அவன் எழுதியதை உரக்கப் படிக்கச் சொல்லி, "யார்? என்ன செய்தார்?" என்று கேளுங்கள்.

அந்தக் கேள்வியைக் கேட்கத் தாய்க்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டியதில்லை!