மனனம் போதும், மனம் விரியட்டும்!

பொருளியல் என்பது வீட்டு முற்றத்திலும் வயல் வரப்பிலும் நாள்தோறும் நடைபெறும் வாழ்க்கைக் கணக்கு. அக்கணக்கையே நம் உயர்தர வகுப்பு மாணவர் குறிப்பேட்டிலிருந்து நெட்டுருப் பண்ணிப் பரீட்சை மண்டபத்தில் கொட்டிவிட்டு மறுநாளே மறந்துவிடுகின்றனர். பாடத்திற் பற்றில்லை என்று அவர்களைப் பழிக்கின்றோம். பற்றுப் பிறக்க நாம் வழி செய்தோமா?

மாத்தளை மாவட்டத்துப் பல்லேகமவைப் பாருங்கள். களு கங்கை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய நகரம் நீருக்கு இரையாயிற்று. 2018இல் லக்கலைப் புதிய நகரம் திறக்கப்பட்டது. மொரகஹகந்தையுடன் இணைந்த அந்நீர் வறண்ட வலயத்து வயல்களை நாடிச் செல்கின்றது. ஒன்றைப் பெறுவதற்காக மற்றொன்றை இழப்பதே அமையச் செலவு. இதனிலும் சிறந்த பாடம் எந்த நூலில் உண்டு?

ஒரு தாளின் நடுவே ‘நீர்த்தேக்கம்’ என்று மாணவன் எழுதட்டும். இழந்த வயல், பெற்ற பாசனம், அரசின் கடன், குடிபெயர்ந்தோர் தொழில் எனக் கிளைகள் விரியட்டும். வயல் என்ற கிளையிலிருந்து நெல், நிரம்பல், விலை எனச் சிறு கிளைகள் தோன்றும். 2021இல் இரசாயன உரத்துக்கு விதிக்கப்பட்ட தடை விளைச்சலை எவ்வாறு வீழ்த்தியது என்பதும், 2022 செப்டெம்பரில் பணவீக்கம் நூற்றுக்கு எழுபதை எட்டியபோது தன் வீட்டு அடுப்பு எவ்வாறு வாடியது என்பதும் அங்கே வந்து பொருந்தும். இதுவே மனவரைபடம். 1974இல் டோனி புசான் என்னும் ஆங்கிலேயர் தொலைக்காட்சி வாயிலாக இதனைப் பரப்பினார்.

எனினும், இதனை மந்திரக்கோல் என்று நாம் கூறவில்லை. ஐக்கிய இராச்சியத்து மருத்துவ மாணவரிடையே நடைபெற்று 2002இல் வெளியான ஆய்வொன்றில், இம்முறையைக் கையாண்டோர்க்கு ஒரு வாரத்தின் பின்னரும் நினைவு மேம்பட்டிருந்தது. ஆனால், தமக்குப் பழகிய வழியிற் கற்றோரைக் காட்டிலும் அவர்களிடம் ஊக்கம் குறைந்தே காணப்பட்டது. புகுத்தப்பட்ட முறை ஊக்கத்தைத் தாராது என்பதே நாம் பெறும் பாடம். ஆசிரியர் கரும்பலகையில் வரைந்த படத்தை மாணவர் பெயர்த்தெழுதினால், அதுவும் வேறோர் உருவில் வந்த நெட்டுருவே.

ஆகவே, ஆசிரியர் கலாசாலைகள் இம்முறையைப் பயிற்சியிற் சேர்க்க வேண்டும். காரணகாரியத் தொடர்பை விளக்கும் விடைக்குப் பரீட்சகர் உரிய புள்ளி வழங்க வேண்டும். பெற்றோரும் தம் வயற்கணக்கைப் பிள்ளைகளிடம் மறையாது கூற வேண்டும். இதற்குக் கோடிகள் வேண்டா. தாளும் பென்சிலும் போதும்.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது பழமொழி. ஏன் மிஞ்சவில்லை என்று கேட்கும் தலைமுறையை நம் பாடசாலைகள் உருவாக்கட்டும்!